வெயில் எப்படிச் சோறாகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார இறுதிகளில் சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்குப் பிள்ளைகளையும் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போவது என் வழக்கம். போகிற வழியெல்லாம் கேள்விதான். பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை ஒரு மாதிரி கேட்கும், கூட வந்த தாத்தா வேறு மாதிரி கேட்பார், ஆனால் எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்து நிற்கும்: இத்தனை உயிர்களுக்கும் தெம்பு எங்கிருந்து வருகிறது, வந்தது எங்கே போகிறது? முதல் பாதியைப் பாடப்புத்தகமே நன்றாகச் சொல்லிவிடுகிறது. இரண்டாவது பாதியைத்தான் எல்லாரும் அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள், எனக்கோ அதில்தான் சுவாரசியமே இருக்கிறது. முதலை ஏன் அபூர்வம், நீர்நாய் ஏன் ஓயாமல் தின்கிறது, அடுக்குமாடித் தோட்டத்தில் ஏன் கீரை மட்டும் வளர்க்கிறார்கள் என்று கேட்டால், எல்லாவற்றுக்கும் பதில் அந்தச் செலவுக் கணக்கில் இருக்கிறது.

உணவுச் சங்கிலி என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

செடியோ பாசியோ வெயிலைப் பிடித்துத் தனக்குள் சேமிக்கிறது. அதை ஒரு பிராணி தின்கிறது. அந்தப் பிராணியை இன்னொன்று தின்கிறது. சுங்கை பூலோ சேற்றையே எடுத்துக்கொள்ளுங்கள்: சேற்றின் மேல் படிந்திருக்கும் நுண்பாசி, அதை மேய்கிற மட்ஸ்கிப்பர் மீன், அந்த மீனைக் கொத்துகிற நாரை. சேறு என்றால் வெறும் சேறு அல்ல, கடல்நீர் வற்றத்தின்போது உற்றுப் பார்த்தால் மேலே பழுப்பும் பொன்னிறமும் கலந்து ஒரு மெல்லிய பூச்சு பளபளக்கும். அது கோடிக்கணக்கான டயாட்டம் பாசிகள். அந்தப் பூச்சுதான் அங்கே உற்பத்தியாளர், மற்றதெல்லாம் நுகர்வோர். நிஜத்தில் ஒரே நேர்க்கோடாக எதுவும் இருப்பதில்லை, நாரை நண்டும் தின்னும், உடும்பு நாரையின் முட்டையையும் தின்னும், அதனால்தான் உணவு வலை என்கிறோம்.

அங்கிள், அம்புக்குறி எந்தப் பக்கம் போட வேண்டும்?

தின்னப்படுவதிலிருந்து தின்பதை நோக்கி. எலி, பாம்பு என்றால் அம்பின் கூர் பாம்பைக் காட்ட வேண்டும். 'யார் யாரைத் தாக்குகிறார்கள்' என்று நினைத்துக்கொண்டு தலைகீழாகப் போடுகிற பிள்ளைகள் நிறைய. அம்பு சண்டையைக் காட்டவில்லை, ஆற்றல் போகிற திசையைக் காட்டுகிறது. இன்னொன்று, சங்கிலியின் முதல் கண்ணியாகச் சூரியனை எழுதாதீர்கள். சூரியன் உயிரினம் அல்ல. சங்கிலி செடியில் தொடங்குகிறது, செடிக்குப் பின்னால் சூரியன் இருக்கிறது, அவ்வளவுதான்.

செடி வெயிலைத் தின்கிறதா, மண்ணைத் தின்கிறதா?

இரண்டும் இல்லை. இலை காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கிறது, வேர் தண்ணீரை எடுக்கிறது, பச்சையம் வெயிலைப் பிடித்து அந்த ஆற்றலால் இரண்டையும் சேர்த்துச் சர்க்கரை ஆக்குகிறது, மிச்சமாக ஆக்சிஜனை வெளியே விடுகிறது. இதுதான் ஒளிச்சேர்க்கை. வெயில் செடியின் உடம்பாக மாறுவதில்லை. உடம்புக்கான பொருள் காற்றும் தண்ணீரும். வெயில் அவற்றைக் கட்டிப்போடத் தேவைப்படும் ஆற்றல், அந்த ஆற்றல் சர்க்கரைக்குள் பத்திரமாக இருக்கிறது, யாராவது அதை உடைக்கும்போது திரும்ப வெளிவருகிறது.

நம்பச் சிரமமாக இருந்தால், பெல்ஜியத்தில் வான் ஹெல்மாண்ட் என்பவர் செய்த சோதனையைக் கேளுங்கள். ஏறக்குறைய 90 கிலோ காய்ந்த மண்ணை எடைபோட்டுத் தொட்டியில் கொட்டி, 2 கிலோவுக்குச் சற்று அதிகமான வில்லோ கன்றை நட்டு, 5 வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 76 கிலோவுக்கு மேல் வந்துவிட்டது. மண்ணைக் காயவைத்து மறுபடி எடைபோட்டால் குறைந்திருந்த எடை 60 கிராம்கூட இல்லை. மரத்தை மண் செய்யவில்லை என்பது அவருக்கு உறுதியாகிவிட்டது, ஆனால் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று முடிவுகட்டிவிட்டார். அவர் இறந்தபின் 1648இல்தான் இது அச்சில் வந்தது. காற்றுக்கும் இதில் பங்கு உண்டு என்று பிடிபட இன்னும் நூறு வருஷத்துக்குமேல் ஆனது: 1771இல் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவத்தி அணைந்துபோன காற்றைப் புதினாச் செடி மறுபடி 'நல்லதாக்குவதை'க் கண்டார், 1779இல் யான் இங்கன்ஹவுஸ் அது வெளிச்சம் பட்டால்தான் நடக்கிறது, அதுவும் பச்சைப் பாகங்களில்தான் நடக்கிறது என்று காட்டினார்.

நடைபாதைத் தொட்டியில் இருக்கிற உங்கள் கறிவேப்பிலைக்கும் இதே கதைதான். தாளிக்கக் கிள்ளிப் போடும் ஒவ்வொரு இலையிலும் இருக்கும் கரி (கார்பன்), புளோக்கின் எதிரே காற்றில் இருந்தது.

அப்படியானால் உரம் எதற்கு? பாக்கெட்டில் செடிக்கு உணவு என்றுதானே போட்டிருக்கிறது?

விற்கிறவர்கள் அப்படித்தான் போடுவார்கள். உரத்தில் செடிக்கு ஆற்றல் ஒன்றும் இல்லை. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் போன்ற பொருள்கள் இருக்கின்றன, பச்சையத்தையும் புரதத்தையும் செய்ய அவை வேண்டும். நமக்கு உப்பும் இரும்புச்சத்தும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருட்டு அறையில் வைத்த செடிக்கு எத்தனை பாக்கெட் கொட்டினாலும் சாகத்தான் செய்யும்.

இதே குழப்பம் பூச்சி பிடிக்கும் குடுவைச் செடிகளிலும் வரும். சிங்கப்பூரில் இயற்கையாக 3 வகை இருக்கின்றன. எறும்பு வழுக்கி விழுந்து குடுவைத் தண்ணீரில் கரைந்துபோகும், பார்த்தால் வேட்டையாடித் தின்கிற மாதிரிதான் தெரியும். ஆனால் அதுவும் இலையால் வெயிலைப் பிடித்துத்தான் பிழைக்கிறது. சத்தில்லாத மண்ணில் முளைப்பதால், நைட்ரஜனுக்காக எறும்பைப் பிடிக்கிறது. ஆக, அதற்கு எறும்புதான் உரம்.

வருகிற வெயிலில் எவ்வளவு நம் தட்டுக்கு வந்து சேர்கிறது?

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்க்கலாம், எனக்குப் பிடித்த கேள்வி இது.

சிங்கப்பூரில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு நாளைக்குச் சராசரியாகக் கிட்டத்தட்ட 4.5 கிலோவாட் மணி நேர வெயில் விழுகிறது. உணவுப் பொட்டலத்தில் போட்டிருக்கும் கலோரியில் சொன்னால் ஏறத்தாழ 3,900. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2,000 கலோரி வேண்டும். அப்படியென்றால் அரை மேசை அளவு வெயில் போதுமே என்று தோன்றும். தோன்றத்தான் செய்யும்.

இப்போது அதே மாதிரி வெயில் விழுகிற ஒரு நெல்வயலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஹெக்டேருக்கு ஒரு போகத்தில் 4 டன் நெல், வருஷத்துக்கு 2 போகம், மோசமில்லாத விளைச்சல். உமியும் தவிடும் போக அரிசியாக நிற்பதைச் சதுர மீட்டருக்கும் நாளுக்குமாகப் பிரித்தால் வெறும் 5 கலோரிதான் வரும். 3,900 விழுந்தது, 5 சட்டியில் ஏறியது. ஒரு ஆளுக்கு வருஷம் முழுக்கச் சோறுபோட 400 சதுர மீட்டர் வயல் வேண்டும், அதாவது நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு நாலுக்கும் மேலே. ஒரே ஒரு ஆளுக்கு, அதுவும் குழம்பு இல்லாமல்.

மிச்சம் எங்கே போயிற்று? வெயிலில் பாதிக்குமேல் செடிக்கு உதவாத அலைநீளத்தில் இருக்கிறது. உதவுகிறதிலும் கொஞ்சம் தெறித்துப்போகிறது, கொஞ்சம் இலையைச் சூடாக்குகிறது, இளம் நாற்றாக இருக்கும்போது வெயில் இலையில் படாமல் தண்ணீரில் விழுகிறது. செடி தன் மூச்சுக்கே ஒரு பெரும் பங்கைச் செலவழிக்கிறது. அப்புறம் வேர், வைக்கோல், உமி எல்லாம் நாம் தின்ன முடியாதவை. எல்லாம் கழித்து மிஞ்சுவதைத்தான் பொங்கிச் சாப்பிடுகிறோம்.

எல்லாச் செடியும் இப்படித்தானா?

கரும்பு கெட்டிக்காரச் செடி. நெல்லும் கரும்பும் வெயிலைப் பிடிக்கும் விதம் ஒன்றானாலும், கரியமில வாயுவைப் பிடிக்கும் விதம் வேறு. நெல்லில் அந்த வேலையைச் செய்யும் நொதி, சூடு அதிகமானால் தடுமாறி வாயுவுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துவிடும், அதைச் சரிசெய்யவே செடி ஆற்றலை வீணாக்க வேண்டும். கரும்பும் சோளமும் வாயுவை முதலில் ஓர் இடத்தில் குவித்துவைத்து, பிறகு அந்த நொதியிடம் கொடுக்கின்றன, தடுமாற வழியில்லை. வெப்பநாட்டு வெயிலில் இது பெரிய லாபம். நெல்லையும் இந்த வழிக்கு மாற்ற முடியுமா என்று பல வருஷமாக ஆராய்ச்சி நடக்கிறது. தைப்பொங்கலுக்குத் தேக்காவில் கட்டுக்கட்டாகக் கரும்பு வந்து இறங்கும்போது இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், சூரியனுக்குப் படைக்க அதைவிடப் பொருத்தமான செடி கிடைக்காது.

உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு படியிலும் ஆற்றலில் 10 விழுக்காடுதான் அடுத்த படிக்குப் போகும் என்கிறார்களே, அது சரியா?

தோராயமாகச் சரி, விதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ரேமண்ட் லிண்டமன் என்ற இளைஞர் அமெரிக்காவின் மினசோட்டாவில் சீடார் பாக் ஏரி என்ற சின்ன ஏரியில் யார் யாரைத் தின்கிறார்கள் என்று பார்ப்பதோடு நிற்காமல், எவ்வளவு ஆற்றல் கைமாறுகிறது என்று அளந்தார். அவர் கட்டுரை 1942இல் வந்தது, வருவதற்கு முன்பே 26 வயதில் அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு உலகெங்கும் அளந்ததில் சில இடங்களில் 5, சில இடங்களில் 20 என்று ஏறி இறங்குகிறது. பரீட்சைக்குக் கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று 10 நிலைத்துவிட்டது.

மீதி 90 எங்கே போகிறது?

மூன்று வழி. தின்னப்படாமலே போவது ஒன்று: காட்டில் பெரும்பாலான இலைகளை யாரும் தின்பதில்லை, அப்படியே உதிர்கின்றன. தின்றும் செரிக்காமல் கழிவாகப் போவது இன்னொன்று. மூன்றாவது, செரித்து உடம்பில் சேர்ந்ததையும் நடக்க, மூச்சுவிட, இதயம் துடிக்க, உடம்பைச் சூடாக வைத்திருக்க எரித்துவிடுவது. அந்த எரிப்பு கடைசியில் வெப்பமாக வெளியேறுகிறது, வெப்பத்தை யாரும் தின்ன முடியாது.

நாம் சாப்பிடும் 2,000 கலோரியை ஒரு நாளின் நொடிகளால் வகுத்தால் கிட்டத்தட்ட 100 வாட் வரும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். காலையில் எம்ஆர்டி ரயில் பெட்டிக்குள் நெருக்கியடித்து நிற்கிற இருநூறு பேர் சேர்ந்து 20 கிலோவாட் அளவில் வெப்பம் விடுகிறார்கள், குளிர்சாதனம் அதை வெளியே தள்ளப் பாடுபடுகிறது. அந்த வெப்பம் எல்லாம் போன வருஷம் ஏதோ ஒரு வயலில் விழுந்த வெயில்.

நீர்நாய் ஏன் எப்போது பார்த்தாலும் தின்றுகொண்டே இருக்கிறது? உடும்பு ஏன் அசையாமல் கிடக்கிறது?

பீஷானிலும் காலாங் கரையிலும் நீர்நாய்க் குடும்பங்களைப் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்பது. வளர்ந்த நீர்நாய் 7 முதல் 11 கிலோ இருக்கும், ஒரு நாளைக்கு ஒரு கிலோ அளவுக்கு மீன் வேண்டும். வெப்ப ரத்தப் பிராணி. உடம்பை நம்மைப்போல் எப்போதும் சூடாக வைத்திருக்க வேண்டும், ஆனால் வாழ்க்கை தண்ணீருக்குள், தண்ணீரோ காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வேகமாக உடம்புச் சூட்டைப் பிடுங்கிவிடும். திமிங்கிலத்துக்கு இருப்பதுபோல் தடித்த கொழுப்பும் அதற்கு இல்லை, அடர்ந்த ரோமம் மட்டும்தான். ஆகவே விறகு போட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. தனியார் வீட்டுக் குளத்தில் ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுத்து வாங்கிய கோய் மீன் என்றெல்லாம் அது பார்க்காது. சொந்தக்காரருக்கு வயிறு எரியும், நியாயம்தான், ஆனால் நீர்நாயின் கணக்கில் அது கொழுத்த, ஓடத் தெரியாத மீன்.

உடும்பு எதிர்க்கட்சி. காலையில் நடைபாதை ஓரத்தில் கால்களைப் பரப்பிக்கொண்டு வெயில் காய்கிறதே, அது தன் உடம்பைச் சூடாக்கும் செலவைச் சூரியனிடமே போட்டுவிட்டது. கவனியுங்கள், வெயிலிலிருந்து அதற்கு உணவு கிடைக்கவில்லை, சூடு கிடைக்கிறது, அதனால் உணவை எரித்துச் சூடாக்க வேண்டியதில்லை. அதே எடையுள்ள பாலூட்டிக்குத் தேவைப்படுவதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு உணவு போதும் அதற்கு. கால்வாய்களில் எலி பிடிக்கிற மலைப்பாம்பும் அப்படித்தான், ஒரு பெரிய எலி விழுங்கிவிட்டால் வாரக்கணக்கில் கவலையில்லை.

அப்படியானால் நாங்களும் வெயிலில் நின்றால் தெம்பு வருமா?

வைட்டமின் டி வரும், வேர்வை வரும். ஆற்றல் வராது.

முதலைகள் ஏன் இவ்வளவு குறைவு? கொன்றுவிட்டார்களா?

வேட்டையும் வாழிடம் அழிந்ததும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் மனிதன் கைவைக்காத இடத்திலும் மேலே உள்ள விலங்கு குறைவாகத்தான் இருக்கும். பாசியில் 10,000 கலோரி இருந்தால், அதைத் தின்கிற சின்ன உயிர்களில் 1,000, அவற்றைத் தின்கிற மீனில் 100, பெரிய மீனில் 10, முதலைக்கு 1. கீழே எவ்வளவு அகலமோ அதற்கேற்பத்தான் உச்சி. சங்கிலிகள் பெரும்பாலும் நாலைந்து கண்ணியோடு நின்றுவிடுவதற்கும் இதுவே பெரிய காரணம், அதற்குமேல் ஒரு பிராணி பிழைக்க மிச்சம் இருப்பதில்லை. சதுப்பைத் தூர்த்து அடித்தளத்தைப் பாதியாக்கினால், முதலையைத் தொடாமலே முதலையைக் குறைத்துவிடலாம்.

செத்தவை எல்லாம் மண்ணுக்குப் போய் மறுபடி செடியாகிறதே, அப்போது ஆற்றலும் சுற்றி வருகிறதுதானே?

இல்லை, இந்த ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பொருள் சுற்றுகிறது, ஆற்றல் சுற்றுவதில்லை. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் தட்டுகிற ஈஸி-லிங்க் கட்டண அட்டையை நினைத்துப் பாருங்கள்: அட்டை அதேதான், வருஷக்கணக்கில் கைமாறிக்கொண்டே இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு தட்டலுக்கும் உள்ளே இருக்கிற காசு குறையும், போன காசு திரும்ப வராது, வெளியிலிருந்து யாராவது நிரப்ப வேண்டும். கரியும் நைட்ரஜனும் அட்டை, ஆற்றல் காசு, நிரப்புகிறவர் சூரியன். ஒரு நாள் விடாமல்.

அந்தச் சுற்றை நடத்துகிறவை காளானும் பாக்டீரியாவும் கறையானும் நண்டும். சதுப்புநிலக் காட்டு மர இலைகளில் துவர்ப்பு அதிகம், பசுமையாக இருக்கும்போது தின்ன வருகிறவர்கள் குறைவு. இலை பழுத்துச் சேற்றில் விழுந்தபிறகுதான் ஆட்டமே. சின்ன நண்டு ஒன்று வளையிலிருந்து எட்டிப் பார்க்கும், பக்கவாட்டில் ஓடி வந்து இலையின் ஓரத்தைப் பிடித்துத் தன்னைவிடப் பெரிய இலையைத் தறதறவென்று இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடும். நண்டு தின்றது போக மிச்சமும் நண்டின் கழிவும் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும், அவை மேய்ந்த துணுக்குகள் இறாலுக்கும் புழுவுக்கும், அவை மீனுக்கு. சதுப்பில் இந்தச் செத்த இலைச் சங்கிலி வழியாகப் போகும் ஆற்றல் ஏராளம், பாடப்புத்தகப் படத்திலோ அதற்கு ஓர் ஓரத்தில்தான் இடம்.

அடுக்குமாடித் தோட்டங்களில் எல்இடி விளக்கில் வளர்க்கிற கீரைக்குச் சூரியன் தேவையில்லையே?

தேவைதான், பழைய சூரியன். சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. எரிவாயு என்பது கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் பாசிகளும் செடிகளும் பிடித்துவைத்த வெயில், புதைந்து, அழுந்தி, வெந்து வாயுவானது. அதை எரித்து மின்சாரமாக்கி, விளக்காக்கி, மறுபடி இலைக்குக் கொடுக்கிறோம். ஊதா கலந்த இளஞ்சிவப்பு வெளிச்சமாக இருக்கிறதே, பச்சையத்துக்குப் பிடித்த சிவப்பும் நீலமும் மட்டும் போடுவதால் அப்படி.

ஒவ்வொரு மாற்றத்திலும் இழப்பு. அதனால்தான் அங்கே கீரையும் லெட்டூஸும் வளர்க்கிறார்கள், நெல் வளர்ப்பதில்லை. 100 கிராம் லெட்டூஸில் 15 கலோரி போலத்தான், பெரும்பகுதி தண்ணீர், மின்சாரச் செலவு தாங்கும். அதே விளக்கில் அரிசி விளைவித்தால் கிலோ என்ன விலைக்கு விற்பார்கள் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறது, அதாவது மற்ற நாட்டு வயல்களின் வெயிலைக் கப்பலில் வரவழைக்கிறோம்.

அங்காடி நிலையத்துப் புறாக்களுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய. இந்தத் தீவின் புல்லும் விதையும் மட்டும் என்றால் இத்தனை புறா பிழைக்காது. அவை மேசையில் சிந்திய கோழிச் சோறும் ரொட்டியும் தின்கின்றன, அந்த அரிசியும் கோதுமையும் கடல்தாண்டி விளைந்தவை. அடித்தளம் வெளிநாட்டில் இருக்கிறது, கூட்டம் இங்கே இருக்கிறது. பாவம் என்று நாம் ஒரு கை அள்ளிப் போடும்போது அந்த அடித்தளத்தை இன்னும் அகலமாக்குகிறோம். 2020 முதல் காட்டுயிர்களுக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம், புறாவுக்கும் குரங்குக்கும் சேர்த்துத்தான், முதல் தடவையே 5,000 வெள்ளி வரை அபராதம் விழலாம்.

ராத்திரி மரத்தடியில் படுக்கக் கூடாது என்று பாட்டி சொல்வது ஏன்?

புளியமரத்துப் பேய்க்கு ஒரு விஞ்ஞானக் காரணம் சொல்ல எல்லாருக்கும் ஆசை. செடி பகலிலும் இரவிலும் மூச்சுவிடுகிறது, சேமித்த சர்க்கரையை எரித்துக் கரியமில வாயு விடுகிறது. பகலில் ஒளிச்சேர்க்கை அதை மிஞ்சிவிடுவதால் தெரிவதில்லை. ஆனால் திறந்தவெளியில் ஒரு மரம் ராத்திரி விடுகிற வாயு உங்களை ஒன்றும் செய்யாது. பக்கத்தில் குறட்டைவிடும் தாத்தா விடுவதே மூக்குக்கு இன்னும் கிட்டத்தில்.

பவளம் செடியா, பிராணியா? வெயில் வேண்டும் என்கிறார்களே?

பிராணி, ஆனால் உள்ளே பாசியைக் குடிவைத்திருக்கிறது. பாசி செய்யும் சர்க்கரையில் பெரும்பகுதி பவளத்துக்குப் போகிறது, பதிலுக்குப் பாசிக்கு இடமும் உரமும். சிங்கப்பூரின் தென்தீவுகளைச் சுற்றி ஏறக்குறைய 250 வகைக் கடினப் பவளங்கள் இருக்கின்றன. ஆனால் நம் கடல் கலங்கல், வெயில் ஆழத்துக்கு இறங்குவதில்லை, அதனால் அவை மேலே உள்ள சில மீட்டர்களிலேயே ஒண்டிக்கிடக்கின்றன. கடல் மிதமிஞ்சிச் சூடானால் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும். இங்கே 1998, 2010, 2016, 2024 ஆண்டுகளில் அப்படி நடந்தது.

சூரியனே இல்லாமல் பிழைக்கிற உயிர் உண்டா?

உண்டு. 1977இல் காலாபகோஸ் தீவுகளுக்கு அருகே, 2,500 மீட்டர் ஆழத்தில், கடலடி வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி ஒரு பெரிய கூட்டமே வாழ்வதைக் கண்டார்கள். குழாய்க்குள் வாழும் ராட்சதப் புழுக்கள், சிப்பிகள், நண்டுகள். அங்கே உற்பத்தியாளர் பாக்டீரியா, ஊற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவின் ஆற்றலை வைத்துச் சர்க்கரை செய்கிறது. ஆனால் அந்த வேலைக்கு அந்தப் புழுக்களின் பாக்டீரியா ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது, அந்த ஆக்சிஜன் மேலே வெயிலில் செடியும் பாசியும் விட்டது. முழுக்க விடுதலை ஆகவில்லை.

சைவம் சாப்பிட்டால் பூமிக்கு நல்லதா?

ஆற்றல் கணக்கில் மட்டும் கேட்டால், ஆம். தீனியைக் கோழிக்குப் போட்டுக் கோழியைத் தின்றால் தீனியின் கலோரியில் பத்தில் ஒன்றோ சற்று மேலோ தான் நமக்கு வரும். மாட்டிறைச்சி இன்னும் மோசம். வளர்ப்பு மீன் பரவாயில்லை, குளிர் ரத்தம், தண்ணீரே தாங்கிக்கொள்வதால் நிற்கவும் செலவில்லை. ஆனால் மனிதன் தின்ன முடியாத புல்லைத் தின்கிற ஆடு வேறு கதை, அது நமக்கு எட்டாத ஆற்றலை எட்டவைக்கிறது. புரட்டாசி மாதம் மட்டும் சைவம் என்பவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை, பதினொரு மாதம் மிச்சமிருக்கிறது என்று மட்டும் சொல்வேன்.

இதையெல்லாம் எங்கே போய், எப்போது பார்க்கலாம்?

கிராஞ்சி பக்கம் சுங்கை பூலோ, அனுமதி இலவசம். கடல்நீர் ஏற்றவற்ற நேரத்தை முதலில் பாருங்கள், வற்றத்தின்போது போனால்தான் சேறு தெரியும். ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கிற பிடில் நண்டு கண்ணில் படும். பெரிய கொடுக்கு ஆணுக்கு மட்டும், அதைப் பெண்ணை அழைக்கவும் சண்டைபோடவும்தான் ஆட்டுகிறது. தின்பது சின்னக் கொடுக்கால். சேற்றை வாயில் போட்டுப் பாசியை வடிகட்டிவிட்டு, மிச்சத்தைக் குட்டிக் குட்டி உருண்டையாகப் பக்கத்தில் துப்பி வைத்திருக்கும். இரண்டு கொடுக்காலும் தின்கிற பெண் நண்டோடு ஒப்பிட்டு, கை எத்தனை தடவை வாய்க்குப் போகிறது என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள்.

செப்டம்பர் முதல் மார்ச் வரை போனால் உப்புக்கொத்திகளும் மற்ற கரையோரப் பறவைகளும் இருக்கும். சில சைபீரியாவில் முட்டையிடுகிறவை. புழுவையும் நண்டையும் தின்று கொழுப்பேற்றிக்கொண்டு, அந்தக் கொழுப்பை எரித்தே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே பறக்கும். கிளம்பும் காலத்தில் பார்த்தால் உருண்டு திரண்டு இருக்கும், குரங்குகளைப்போல் அவற்றுக்கும் பிஸ்கட் வேண்டாம். குடையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போங்கள், பாலத்தில் நிழல் குறைவு.